மாடல் என்றால் பொம்மையா?



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நம்ம கண்காட்சியில் வருஷா வருஷம் மேஜை மேஜையாக மாடல்கள் வைக்கிறோமே, அவற்றில் எத்தனையை அதன் பக்கத்தில் டை கட்டி நிற்கிற மாணவனே செய்திருக்கிறான்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஒரு கையே அதிகம். மீதி எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிகளில் இருக்கிற 'ப்ராஜெக்ட் சென்டர்' உபயம். ஆறாயிரம் கொடுத்தால் மாடல் கிடைக்கும், பைண்டிங் செய்த ரிப்போர்ட் கிடைக்கும், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளும் பதில்களும் ஜெராக்ஸாகவே கிடைக்கும். செய்தவன் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

இந்த வருடம் நான் வைத்தது ஒரு லாரி. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஓட்டிய 'கத்யூஷா' ராக்கெட் லாரி, இருபதில் ஒரு பங்கு அளவில். பார்க்க வந்தவர்கள் திரும்பத் திரும்ப இரண்டே கேள்விதான் கேட்டார்கள். "எங்க வாங்கினே தம்பி?" என்பது ஒன்று. "படிக்கிற பிள்ளை எதுக்குய்யா ஆயுதத்தைச் செய்யணும்? உபயோகமா ஒரு தண்ணி பம்பு செய்யக்கூடாதா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டாவது நியாயமான கேள்வி. அந்தக் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை, ஆகவே இங்கே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அந்த லாரியைப் பற்றி. 1941 ஜூன் 22-ல் ஹிட்லரின் படை சோவியத் யூனியனுக்குள் புகுந்தது. அதற்கு முந்தின நாள்தான், ஜூன் 21-ல், பி.எம்.-13 என்ற இந்த வண்டியை நிறையத் தயாரிக்கச் சொல்லி மாஸ்கோவில் முடிவெடுத்திருந்தார்கள். ஜூலை 14-ல் கேப்டன் இவான் ஃபிளியோரோவ் என்பவரின் தலைமையில் ஏழு வண்டிகள், ஜெர்மானியர் பிடித்துவிட்ட ஓர்ஷா ரயில் நிலையத்தின் மேல் முதன்முதலாகச் சுட்டன. வண்டிக்கு 16 ராக்கெட், ஆக 112. ஒரு வண்டி தன்னுடைய 16-ஐயும் பத்து வினாடிக்குள் விட்டுவிடும். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் கத்யூஷா, 1938-ல் வந்து நாடு முழுக்கப் பாடிய ஒரு பாட்டில் வரும் பெண்ணின் பெயர். எதிர்ப்பக்கத்து ஜெர்மானியர்கள் வைத்த பெயர் 'ஸ்டாலினின் ஆர்கன்'. சர்ச்சில் வரிசையாகக் குழாய் நிற்கும் ஆர்கன் இருக்குமே, அது.

இந்த மாதிரி லாரியின் மாடல் வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்டாக, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கிடைக்கிறது. பெட்டியைத் திறந்து ஒட்டினால் முடிந்தது. அது ஒரு பொழுதுபோக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் டிப்ளமோ படிப்பது ஒட்டுவதற்கா?

இணையத்தில் பழைய போட்டோக்கள் இருக்கின்றன. போட்டோவில் அளவு எப்படி எடுப்பது? வண்டியின் டயர் 7.50-20 என்று தெரியும். அதன் விட்டம் சுமார் 930 மி.மீ. சரியாகப் பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் டயரை அளந்தால் போதும், டயரே நமக்கு ஸ்கேல் ஆகிவிடுகிறது. பானெட் எத்தனை டயர் நீளம், கேபின் எத்தனை டயர் உயரம் என்று கணக்குப் போடலாம். முதலாம் ஆண்டு டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது 'ஸ்கேல்ஸ்' பாடம் எதற்கென்று எவனாவது சொன்னானா? இதற்குத்தான் அது!

நான் எடுத்தது ஸ்டூட்பேக்கர் லாரியின் மேல் ஏற்றிய வண்டி. ஆரம்பத்தில் ரஷ்யர்கள் தங்கள் சொந்த ஸிஸ்-6 லாரியில்தான் ராக்கெட்டை ஏற்றினார்கள். அதற்குப் பின்னச்சு இரண்டுக்கு மட்டுமே இழுவை. அமெரிக்கா கடனுதவியாக அனுப்பிய ஸ்டூட்பேக்கர் யு.எஸ்.6-க்கு மூன்று அச்சுக்கும் இழுவை உண்டு, ரஷ்யச் சேற்றில் அதுதான் நின்றது. ஒரு லட்சத்துக்கும் மேல் போனதாம். 1943 முதல் அந்த லாரிதான் இதற்கு வாடிக்கையான வண்டி. அமெரிக்கத் தொழிலாளி கட்டிய லாரியின் முதுகில் ரஷ்யத் தொழிலாளி கடைந்த ராக்கெட்! போர் முடிந்த சில வருஷத்திலேயே இந்த இரண்டு நாடும் ஒன்றை நோக்கி ஒன்று ராக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டது வேறு கதை.

டயர் ஒவ்வொன்றும் எனக்கு 46 மி.மீ. வரவேண்டும். ஹவாய் செருப்பில் வெட்டினேன். நம்மில் யார் சின்ன வயதில் செருப்பை வட்டமாக அறுத்து வண்டி ஓட்டாதவர்? இங்கே வித்தியாசம், வட்டத்தைப் போல்ட்டில் கோர்த்து லேத்தில் சுற்றவிட்டு உப்புத்தாள் பிடித்தால் பத்து டயரும் ஒரே அளவாக வரும். கேபினும் பானெட்டும் பிஸ்கட் டின் தகடு. சேஸிஸ் பழைய பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்து, சூடுகாட்டி, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்திய தட்டை. இதெல்லாம் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும்.

விஷயமே தண்டவாளத்திலும் ராக்கெட்டிலும்தான் இருக்கிறது. நிஜ வண்டியில் எட்டுத் தண்டவாளம், ஒவ்வொன்றும் 5 மீட்டர், எனக்கு 250 மி.மீ. ஐ-செக்ஷன். ஒவ்வொன்றின் மேலே ஒரு ராக்கெட், கீழே ஒரு ராக்கெட், அப்படித்தான் எட்டில் பதினாறு. தண்டவாளத்தின் நடுப்பட்டையில் வரிசையாக வட்ட ஓட்டை போட்டிருப்பார்கள். போட்டோவில் பார்க்கும்போது அழகுக்கு என்று தோன்றும். கையால் அந்த ஓட்டைகளைத் துளைக்கும்போதுதான் 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வகுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. வளைவைத் தாங்குவது பெரும்பாலும் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும். நடுவில், நியூட்ரல் ஆக்ஸிஸ் பக்கம், இரும்பு அவ்வளவாக வேலை செய்வதில்லை. அங்கே ஓட்டை போட்டால் பலம் அதிகம் குறையாது, எடை குறையும், லாரி வேகமாக ஓடும். போர்டில் மூன்று தடவை எழுதிப் போட்டும் மண்டையில் ஏறாதது டிரில் பிட் நுனியில் ஏறியது.

ராக்கெட் 132 மி.மீ. விட்டம், சுமார் 1.41 மீட்டர் நீளம், 42 கிலோ சொச்சம் எடை. எனக்கு 6.6 மி.மீ. விட்டம், 71 மி.மீ. நீளம். எட்டு மி.மீ. அலுமினியக் கம்பியில் கடைந்தேன். இவ்வளவு மெல்லிய கம்பியை ஒரு பக்கம் மட்டும் சக்கில் பிடித்துக் கடைந்தால் நடுவில் வளைந்து கொடுக்கும், டெயில் ஸ்டாக் சென்டர் கொடுத்தே ஆகவேண்டும். சென்டர் கொடுக்க ஒரு குழி போடவேண்டும் அல்லவா? அந்தக் குழியை ராக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டால், அதுவே நெருப்பு வெளியேறும் நாசில் ஆகிவிடுகிறது! மூக்குப் பக்கத்துக்கு ஒரு ஃபார்ம் டூல் தேய்த்து வைத்துக்கொண்டேன். பதினாறு மூக்கும் ஒரு தாய்ப் பிள்ளைகள் போல வந்தன. இதை யோசித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எந்த ப்ராஜெக்ட் சென்டரும் ஆறாயிரத்துக்கு விற்க முடியாது.

நீளம் இருபதில் ஒரு பங்கானால் எடை எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 5.3 கிராம் வரவேண்டும். எங்கள் ஊர் நகைக் கடையில் கெஞ்சி ஒன்றை எடை போட்டுப் பார்த்தேன். ஐந்தரை கிராம். கடைக்காரர் "இது என்னப்பா, வெள்ளியா?" என்றார்.

வாலில் ராக்கெட்டுக்கு நாலு இறக்கை. பதினாறுக்கு அறுபத்து நாலு. அலுமினியத்தில் சாதாரண சால்டர் ஒட்டாது, ஆகவே ரம்பத்தில் கீறி, தகடு சொருகி, அரால்டைட். நாலு கீறலும் 90 டிகிரியில் விழ, கம்பியை ஒரு சதுர நட்டுக்குள் இறுக்கி, வைஸில் நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பிடித்தால் போதும். அறுபத்து நாலு இறக்கையை வெட்டி முடிக்கும்போது ஒருவனுக்கு என்ன தோன்றும்? எனக்கு எங்கள் அம்மாதான் தோன்றினார்.

நான் சிவகாசிப் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா பட்டாசு ஆபீசில் வேலை. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் ஆலையைத்தான் ஆபீஸ் என்போம். அதைக் கேட்டு என்னை ஆபீசர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்த நண்பர்களும் ஹாஸ்டலில் உண்டு.) அம்மா ராக்கெட்டுக்குக் குழாய் சுற்றுவார், குச்சி கட்டுவார், குரோஸ் கணக்கில் கூலி. விடுமுறையில் என் ராக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "ஏய்யா, நான் கட்டுறதும் ராக்கெட்டு, நீ படிச்சுட்டுச் செய்றதும் ராக்கெட்டா?" என்று சிரித்தார். பிறகு இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் குச்சியா?" என்று கேட்டார்.

தோழர்களே, வாலைப் பார்த்ததும் அது எதற்கு என்று எங்கள் அம்மா சொல்லிவிட்டார். ராக்கெட்டின் எடை மையத்துக்குப் பின்னால் காற்றின் பிடி இருந்தால்தான் அது தலைகீழாகச் சுழலாமல் நேராகப் போகும். சிவகாசி ராக்கெட்டில் அந்த வேலையைக் குச்சி செய்கிறது, கத்யூஷாவில் நாலு இறக்கை செய்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை முறியடித்தபோது பறந்த மைசூர் ராக்கெட்டில் மூங்கில் செய்தது. அந்த இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் பிற்பாடு இங்கிலாந்தில் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். பெயர் காங்கிரீவ் ராக்கெட். மைசூரில் குழாய் அடித்த கொல்லன் பெயர் யாருக்குத் தெரியும்?

இனி அந்த நியாயமான கேள்விக்கு வருகிறேன். ஏன் ஆயுதம்?

கத்யூஷாவின் ராக்கெட்டை உருவாக்கியவர்களில் முக்கியமான இரண்டு பேர் கியோர்கி லாங்கெமாக், இவான் கிளெய்மியோனவ். மாஸ்கோவில் ராக்கெட் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் கிளெய்மியோனவ், தலைமைப் பொறியாளர் லாங்கெமாக். இருவரையும் ஸ்டாலின் அரசாங்கமே பொய்க் குற்றம் சாட்டி 1938 ஜனவரியில் சுட்டுக் கொன்றது. மூன்றரை வருஷம் கழித்து அவர்களுடைய ராக்கெட் ஓர்ஷாவில் பறந்தது. பட்டமும் புகழும் 1941 ஜூலையில் அதே நிலையத்தின் கோஸ்திகோவ் என்பவருக்குப் போயின. செத்தவர்கள் இருவருக்கும் அரசு பட்டம் கொடுத்தது 1991-ல், அதாவது ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து. இதைப் படித்த அன்றைக்குத்தான் நான் இந்த லாரியைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

செய்தவன் ஒருத்தன், பெயர் இன்னொருத்தனுக்கு. போரிலே ஆண்கள் முன்னணிக்குப் போய்விட, சோவியத் ஆலைகளில் லேத்துக்கு முன்னால் நின்றவர்கள் பெண்களும், நம்மைவிடச் சின்னப் பையன்களும். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? எங்கள் அம்மா கட்டும் ராக்கெட் பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கும், சாமி படம் இருக்கும். என் சித்தி ஒரு ஆபீசில் மருந்து அறையில் வேலை பார்த்தபோது தீப்பிடித்து, வலது கையில் மூன்று விரல் இன்றைக்கும் மடங்காது. பெட்டியில் அதுவும் இருக்காது.

அப்புறம் ராக்கெட்டின் இந்தப் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, விழும் பக்கமும் இருக்கிறது. 1938-39-ல் செய்த முதல் மாதிரியில் தண்டவாளங்களை லாரிக்குக் குறுக்கே வைத்திருந்தார்கள். சுட்டால் வண்டியே ஆடியது. ஆகவே நீளவாக்கில் திருப்பி, தண்டவாளத்தை நீட்டி, பின்னால் இரண்டு ஜாக்கி வைத்து ஊன்றினார்கள். அப்படியும் இது பீரங்கி மாதிரிக் குறிபார்த்து அடிக்காது. கிளம்பும்போது வேகம் குறைவு, இறக்கையில் சின்னக் கோணல் இருந்தாலும் எட்டு கிலோமீட்டர் தள்ளி எங்கோ போய் விழும். என் அறுபத்து நாலு இறக்கையையும் கோணமானி வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், எந்த இரண்டும் அச்சாக ஒன்றல்ல. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் எண்ணிக்கை: ஒன்றுக்குப் பதில் பதினாறு, பல வண்டி சேர்ந்தால் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வெடிமருந்து. அது ஒரு ஆளை நோக்கிப் போவதில்லை, ஒரு இடத்தை நோக்கிப் போகிறது. அந்த இடத்தில் சிப்பாய் இருந்தாலும் ஒன்றுதான், தண்ணீர் எடுக்க வந்த கிழவி இருந்தாலும் ஒன்றுதான். கத்யூஷாவின் வாரிசுதான் 1960-களில் வந்த 40 குழாய் 'கிராட்'. அது நம் நாட்டு ராணுவத்திலும் இருந்தது, கார்கிலில் சுட்டது. இலங்கைப் போரில் 2000-க்குப் பிறகு 'மல்டி பேரல்' என்று தமிழ்ச் சனங்கள் பயந்து சொன்னதும் இந்த வம்சம்தான்.

ஹிட்லரைத் தோற்கடிக்க அந்த லாரி தேவைப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஃபிளியோரோவ் 1941 அக்டோபரில் எதிரி சூழ்ந்துகொண்டபோது, வண்டிகள் அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டு அங்கேயே உயிர்விட்டார். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நண்பன், "மச்சான், சிகப்பு லைட்டு வை, 'டுமீல்'னு சவுண்டு வை, ஃபர்ஸ்ட் பிரைஸ் நமக்குத்தான்" என்றபோது முடியாது என்றுவிட்டேன். ஆயுதத்தைப் பளபளவென்று ஆட்டம் போட வைத்துக் காட்டினால்தான் அது பொம்மை. அளந்து, கணக்குப் போட்டு, இறக்கை கோணினால் எங்கே விழும் என்று தெரிந்து செய்தால் அது பாடம். தண்ணி பம்பு செய்திருந்தால் சென்ட்ரிஃபியூகல் பம்பு மட்டும் தெரிந்திருக்கும்.

ப்ராஜெக்ட் வாங்குகிறவர்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. ராத்திரி முழுக்கப் பரோட்டாக் கடையில் வேலை பார்த்துவிட்டு காலையில் முதல் பீரியடில் தூங்கி வழிகிற நண்பன் எங்கே போய் லேத்தில் நிற்பான்? சாயங்காலம் நாலரைக்கு ஒர்க் ஷாப் பூட்டுப் போட்டுவிடுகிறது, அப்புறம் பி.வி.சி. பைப்பை ஹாஸ்டல் பாத்ரூமிலா சூடுகாட்டுவது? வாங்குவதற்கு நம்மைத் தள்ளுவதில் அந்தப் பூட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் அப்பா கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கிய ஆறாயிரம் அது. அதைக் கொடுத்து, யாரோ பெயர் தெரியாத பையன் ஒருத்தன், அநேகமாக நமக்கு முன்னால் டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காதவன், கடைந்து கொடுத்ததைக் கொண்டுவந்து, "நான் செய்தேன் சார்" என்கிறோம். கோஸ்திகோவ் செய்ததற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். எனக்கு மொத்தம் ஆன செலவு 640 ரூபாய், அதில் 180 ரூபாய் பெயிண்ட்.

ஆகவே பேரவை நண்பர்களுக்கு என் கோரிக்கை இது. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன். கண்காட்சியில் வைக்கும் ஒவ்வொரு மாடலின் பக்கத்திலும் கையால் வரைந்த டிராயிங் இருக்கவேண்டும், எந்தப் பாகத்தை யார் செய்தார் என்று பெயர் இருக்கவேண்டும். வெல்டிங் கடை அண்ணன் வைத்துக் கொடுத்திருந்தால் அவர் பெயரும் வரட்டும், அதில் என்ன கேவலம்? என் அட்டையில் டின் தகடு வெட்டிக் கொடுத்த வகுப்புத் தோழி பெயரும், ஃபார்ம் டூல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்த ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சார் பெயரும் இருந்தன. லாங்கெமாக், கிளெய்மியோனவ் பெயரையும் எழுதி வைத்தேன். சனிக்கிழமைகளில் ஒர்க் ஷாப்பைத் திறந்துவைக்க முதல்வரிடம் மனுக் கொடுக்கவேண்டும். வேலைக்குப் போகிற நண்பர்களுக்கு அந்த ஒருநாள் பெரிய உதவி. இதுவரை நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மனு என்னிடம் ஹாஸ்டல் அறையில் இருக்கிறது.

லாரி இப்போது மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் அலமாரியில் இருக்கிறது. ஃபார்ம் டூலும் சதுர நட்டும் ஸ்டோர்ஸில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.